கடைக்கு கியூஆர் ஒட்டச் சொல்லுகினம், மாமியின்ர கொட்டப்பெட்டி வெறுமையாக் கிடக்கு. என்ன செய்யலாம்?

உடையார்கட்டு கடைக்கார அக்கா

வணக்கம் எல்லாருக்கும். நான் உடையார்கட்டில, பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில இருந்து கொஞ்சம் உள்ளுக்க, ஒரு சின்னப் பலசரக்குக் கடை வச்சிருக்கிறன். போன கிழமை பாங்கில இருந்து ரெண்டு பிள்ளையள் வந்து கடைக்கு கியூஆர் ஒட்டித் தாறம், இனி எல்லாம் காசில்லாமத்தான் நடக்கும், நீங்களும் மாறாட்டி பின்னுக்கு நிண்டுடுவியள் எண்டு சொல்லிப்போட்டுப் போச்சினம். நான் ஓம் எண்டும் சொல்லேல்ல இல்லை எண்டும் சொல்லேல்ல. எனக்கு மனசில ரெண்டு விசயம் கிடந்து குடையுது, அதை இதில போட்டால் நாலு பேர் சொல்லுவீங்கள் எண்டுதான் எழுதுறன்.

முதல் விசயம் கடை. என்ர கடையில காசும் ஓடும் கடன் எழுதுற கொப்பியும் ஓடும். நெல்லு வெட்டுற மட்டும் கொப்பியில எழுதுவினம், வெட்டி வித்த உடன கொண்டுவந்து கட்டுவினம், 9 வருசத்தில என்னை ஏமாத்தினவை எண்டு சொல்ல விரல் விட்டு எண்ணக்கூடிய ஆக்கள்தான். இப்ப ஊர்ப் பிள்ளையள் கனபேர் காமன்ற் எண்ட உடுப்புத் தைக்கிற பக்டரி வேலைக்குப் போகினம், சம்பளம் பாங்குக்கு வருது. வந்த கையோட கிளிநொச்சியில பெரிய கடையில காட் போட்டு மாசத்துச் சாமான் முழுக்க வாங்கி வருகினம். இருபதாம் திகதிக்குப் பிறகுதான் என்ர கடைப்பக்கம் வருகினம், அப்ப "அக்கா கொப்பியில எழுதுங்கோ". காசு இருக்கேக்க அங்க, கடனுக்கு இஞ்ச. பிள்ளையளில கோவமில்லை, ஆனா இப்பிடியே போனால் நான் ஆரிட்ட காசு வாங்கி அடுத்த முறை சாமான் எடுக்கிறது?

ரெண்டாவது என்ர மாமி. அவவுக்கு 76 வயசு. அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிக்காசு அவவின்ர பேரில பாங்குக்கு வருது. புத்தகமும் காட்டும் பேரனிட்ட, அதான் என்ர மச்சாளின்ர மகனிட்ட, எனக்கு மருமகன் முறை. அவன் கிளிநொச்சியில வேலை, அவன்தான் எடுத்து மருந்து வாங்கி கரண்ட் பில் கட்டி எல்லாம் செய்யிறான், அவன் கள்ளனில்லை. ஆனா இந்தச் சித்திரை வருசப்பிறப்புக்கு நடந்ததைச் சொல்லுறன். மாமி வருசா வருசம் வெத்திலையில நெல்லு, பூ, ஒரு தாள்க்காசு வச்சு பேரப்பிள்ளையளுக்கு கைவியளம் குடுக்கிறவ. இந்த முறை பிள்ளையள் குளிச்சு வெளிக்கிட்டு வரிசையா வந்து நிண்டுட்டுதுகள். மாமி வெத்திலை பாக்கும் காசும் வைக்கிற கொட்டப்பெட்டியைத் திறந்தா. உள்ளுக்க பாக்குச் சீவலும் ஒரு அஞ்சு ரூபா குத்தியும். அவன் காசு அனுப்ப மறந்துபோனான், அவ்வளவுதான் நடந்தது. மாமி பெட்டியை மூடினா, எழும்பி மாட்டுக்கொட்டிலடிக்குப் போயிட்டா, பத்து மணி மட்டும் வீட்டுக்க வரேல்ல. நான் லாச்சியில இருந்து நூறு ரூபாத் தாள் எடுத்துக் குடுத்தன், "உன்ர காசை நான் எப்பிடி என்ர கையால குடுக்கிறது" எண்டு வாங்க மாட்டன் எண்டுட்டா.

கியூஆர் நல்லமோ கெட்டதோ எண்டு பொதுவாக் கேக்கேல்ல. எங்கட இடங்களில இது வந்தால் வீட்டுக்க ஆருக்கு என்ன நடக்குது, உங்கட அனுபவத்தில என்ன கண்டனீங்கள் எண்டு சொல்லுங்கோ.

கிளிநொச்சி தம்பி

அக்கா, நான் கொஞ்சக்காலம் பாங்க் வேலை செய்தனான், அதால முதல் கடை விசயத்தைச் சொல்லுறன். கியூஆரை ஒட்டுங்கோ, பயப்பிடாதேங்கோ. லங்காகியூஆர் எண்டு 2018ல மத்திய வங்கி எல்லாத்துக்கும் பொதுவா ஒரு முறை கொண்டுவந்தது, அதால ஒரு ஸ்ரிக்கர் ஒட்டினால் காணும், வாறவை எந்த பாங்கின்ர அப் வச்சிருந்தாலும் அதில ஸ்கான் பண்ணலாம். உங்களுக்கு மெசின் வாங்கத் தேவையில்லை. ஆனா மூண்டு விசயம் கேட்டுப்போட்டு கையெழுத்து வையுங்கோ. வித்த காசில எவ்வளவு கழிவு வெட்டுவினம், காசு எண்டைக்கு கணக்கில விழும், விழுந்தால் உங்கட போனுக்கு மெசேஜ் வருமோ. அந்த மெசேஜ் வந்தால் மட்டும் சாமானைக் குடுங்கோ, அனுப்பிட்டன் எண்டு தங்கட போன் திரையைக் காட்டினால் அதை நம்பாதேங்கோ, பழைய படத்தைக் காட்டி ஏமாத்தின கதையள் இருக்கு.

மற்றது, அரசாங்கம் அந்தப் பக்கம்தான் போகுது. 2025 பெப்ரவரியில கவ்பே எண்டு தொடங்கி அரசாங்கக் கட்டணங்களை போனால கட்ட வசதி செய்தவை. பிரதேச செயலகத்துக்குப் போய் வரிசையில நிக்காமல் கட்டலாம் எண்டால் துணுக்காயில ஒட்டுசுட்டானில இருக்கிற ஆக்களுக்கு ஒருநாள் கூலி மிச்சம், ஒரு பஸ் காசு மிச்சம். அதை நான் சின்ன விசயமா நினைக்கேல்ல.

ஒண்டு ஞாபகம் வருது. 2022ல எரிபொருளுக்கு கியூஆர் வந்தது தெரியும்தானே, அப்ப எங்கட அப்பா மாதிரி பட்டன் போன் வச்சிருந்த ஆக்கள் என்ன செய்தவை? கொம்யூனிக்கேசன் கடையில பிறிண்ட் எடுத்து லமினேற் பண்ணி பொக்கற்றுக்க வச்சுக்கொண்டு போய் பெற்றோல் அடிச்சவை. ஒரு கடதாசித் துண்டு வேலை செய்தது. ஏன் எண்டால் அந்த நேரம் எல்லாருக்கும் தேவை எண்டு யோசிச்சுச் செய்தவை. இதையும் அப்பிடிச் செய்யலாம், வயசு போன ஆக்களை விட்டுட்டுப் போகோணும் எண்டு கட்டாயமில்லை.

புதுக்குடியிருப்பு தையல்

தங்கச்சி, நான் உங்களுக்கு ரெண்டு பக்கமும் சொல்லுவன், ஏன் எண்டால் ரெண்டிலயும் அடிபட்டனான்.

என்ர அவர் 2009ல இல்லாமல் போனார். மீளக்குடியேறி வந்து தையல் மெசின் ஒண்டு வாங்க நுண்கடன் எடுத்தன். ஒரு கடனைக் கட்ட இன்னொண்டு, அப்பிடியே மூண்டு கொம்பனி. கிழமைக்கு ஒருக்கா வேப்பமரத்துக்குக் கீழ எல்லாப் பெண்டுகளும் கூடியிருக்க அந்தத் தம்பி பையோட வருவார், காசை வாங்கி அட்டையில எழுதுவார். ஒருநாள் மழை, அவசரம், பிறகு எழுதுறன் அக்கா எண்டுட்டுப் போனார். ரெண்டு தவணை அப்பிடி எழுதாமல் விட்டுப்போச்சு. நான் காசு குடுத்தது எனக்குத் தெரியும் என்ர பிள்ளையளுக்குத் தெரியும், ஆனா கடதாசியில இல்லை. வாசலில வந்து நிண்டு கத்தினது அயல் முழுக்கக் கேட்டது. அண்டைக்கு நான் அந்தக் காசை பாங்கால அனுப்பியிருந்தால் ஒருத்தனும் என்னைக் கேள்வி கேட்டிருக்கேலாது. அதால எழுத்தில நிக்கிற காசு எங்களை மாதிரித் தனிய நிக்கிற பொம்பிளையளுக்குப் பாதுகாப்பு எண்டுதான் சொல்லுவன். கையில இருந்தால் தம்பி கேப்பான், மாமா கேப்பார், கோயிலுக்கு எண்டு கேப்பினம், இல்லை எண்டு சொல்லேலாது. கணக்கில கிடந்தால் நான் எடுக்கிற நேரம்தான்.

இப்ப மற்றப் பக்கம். 2018ல வரட்சி பாதிச்ச மாவட்டங்களில பொம்பிளையளின்ர ஒரு லச்சத்துக்குக் குறைஞ்ச நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்தது, வட்டிக்கும் 35 வீதம் எண்டு எல்லை போட்டது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுக்குப் பிறகு நான் எடுத்த ஒரு கடனில தவணையை கணக்கில இருந்தே வெட்ட கையெழுத்து வாங்கினவை. ஒரு மாசம் பள்ளிக்கூட சட்டை தைச்ச காசு வந்து விழுந்தது, விழுந்த கையோட தவணைக்குப் போயிட்டுது. வீட்டில அரிசி இல்லை. முந்தி அந்தப் பையோட வாற தம்பியிட்ட "ஒரு கிழமை பொறும் தம்பி, பிள்ளைக்குக் காய்ச்சல்" எண்டு கேக்க ஒரு முகம் இருந்தது. சிலநேரம் பொறுத்தார் சிலநேரம் கத்தினார், எண்டாலும் கேக்கலாம். மெசினிட்ட என்னெண்டு கேக்கிறது?

உங்கட கொப்பியும் அதுதான் தங்கச்சி. உங்கட முகத்தைப் பாத்துத்தான் ஆக்கள் பொறுங்கோ எண்டு கேக்கினம். அதை மட்டும் விட்டுடாதேங்கோ.

மல்லாவி கமக்காரன்

பிள்ளை, நீர் எழுதினதை என்ர மகள் வாசிச்சுக் காட்டினவ, நான் சொல்லச் சொல்ல அவதான் இதை அடிக்கிறா.

எனக்கு வயசு 70க்கு மேல. காசு இல்லாமல் போற கதை எனக்குப் புதுசில்லை. 1970ல என்.எம்.பெரேரா நிதி மந்திரியா இருந்தவர், 50 ரூபா 100 ரூபாத் தாளை செல்லாது எண்டு அறிவிச்சவை, குறிச்ச நாளுக்குள்ள குடுத்து மாத்தோணும். அப்ப நான் பள்ளிக்கூடப் பெடியன். அப்பு நெல்லு வித்த காசை பாய்க்குக் கீழ வச்சிருந்தவர். சைக்கிள் கரியரில என்னை ஏத்திக்கொண்டு வவுனியா மட்டும் போனார், வழியில ஒரு கதை கதைக்கேல்ல, அதுதான் எனக்கு இண்டைக்கும் நிக்குது. அதால தாள்க்காசு எண்டாலும் நிரந்தரம் எண்டு நான் சொல்ல வரேல்ல.

பிறகு எங்கட காலம். புலியள் நடத்தின தமிழீழ வைப்பகம் எண்ட பாங்கில எத்தினை சனம் காசு போட்டது, நகை அடகு வச்சது. அந்தப் புத்தகம் இண்டைக்கும் என்ர ட்ரங்குப் பெட்டிக்க கிடக்கு. 2009ல எல்லாம் போச்சு. அப்பிடிக் கைப்பற்றின நகையில ஒரு பகுதியை 2025 மே மாசம் ராணுவம் பொலிசிட்ட ஒப்படைச்சது எண்டு பேப்பரில பாத்தன், எங்கட மனிசியின்ர சங்கிலி அதுக்க கிடக்கோ எண்டு மகள் கேட்டா, நான் மறுமொழி சொல்லேல்ல. ஆனா ஒண்டு கவனியுங்கோ. அவ்வளவு காலமும் இஞ்ச கைக்குக் கை மாறினது இலங்கை ரூபாத் தாள்தான். ஆர் ஆண்டாலும் சந்தையில புழங்கினது அதுதான். முள்ளிவாய்க்கால் தாண்டி செட்டிகுளம் முகாமுக்கு வரேக்க சீலைக்குள்ள மடிச்சுத் தைச்சுக் கொண்டு வந்த தாள்தான் சனத்துக்கு முதல் ஒரு சோப்புக்கட்டி வாங்க, சொந்தக்காரருக்கு ஒரு போன் எடுக்க உதவினது. கணக்குப் புத்தகத்தால ஒண்டும் வாங்கேலாமல் இருந்தது.

அது யுத்தம், அதை விடுவம் எண்டால், 2022 மார்ச் முடிவில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிண்டது. போன் ரவரில பற்றரி இறங்கினால் சிக்னலும் போகும். எங்கட பக்கம் மழை காத்து எண்டால் இப்பவும் அதே கதைதான். அந்த நேரம் உம்மட கடைக்கு ஒருத்தன் பிள்ளைக்குப் பால்மா வாங்க வாறான், கையில போன் மட்டும் இருக்கு. என்ன செய்வீர்? கொப்பியில எழுதுவீர். உம்மட கொப்பிக்கு கரண்டும் வேண்டாம் சிக்னலும் வேண்டாம்.

கூலி விசயத்தையும் சொல்லோணும். வெங்காயத் தோட்டத்துக்கு வாற பொம்பிளையளுக்கு பின்னேரம் கை கால் கழுவ முதல் காசை எண்ணிக் கையில குடுக்கிறது எங்கட வழக்கம். இப்ப சில முதலாளிமார் கிழமை முடிய பாங்குக்குப் போடுறம் எண்டுகினம். அண்டாடம் உழைச்சுச் சாப்பிடுற சனம் ஆறு நாள் எப்பிடிப் பொறுக்கும்? அந்த ஆறு நாளும் ஆரின்ர கொப்பியில எழுதுறது? உம்மட கொப்பியிலதான் பிள்ளை. முதலாளிக்கு லேசாப் போச்சு, பாரம் உம்மட தலையில.

ஒஸ்லோவில இருந்து அண்ணன்

எங்கட ஊர் மாங்குளம், இஞ்ச வந்து 20 வருசத்துக்கு மேல. இஞ்ச காசு தொட்டே மாசக்கணக்கு, எல்லாம் காட், போன். வசதிதான், நான் குறை சொல்லேல்ல. ஆனா இந்த வழியில முன்னுக்குப் போன நாடுகள் இப்ப திரும்பிப் பாக்கத் தொடங்கியிட்டுது எண்டதை உங்க கனபேர் சொல்லுறேல்ல, அதுக்காக எழுதுறன்.

நோர்வேயில சட்டத்தை இறுக்கி 2024 ஒக்ரோபர் 1ல இருந்து, கடையில காசு தந்தால் வாங்கத்தான் வேணும், மறுக்கேலாது எண்டு போட்டவை. பக்கத்து நாடு சுவீடன், உலகத்திலயே காசு குறைஞ்சு பாவிக்கிற நாடுகளில ஒண்டு. அவை 2024 நவம்பரில வீட்டுக்கு வீடு ஒரு சின்னப் புத்தகம் அனுப்பினவை, யுத்தமோ பேரிடரோ வந்தால் என்ன செய்யிறது எண்டு. அதில தண்ணி, சாப்பாடு, ரேடியோ எண்டு சொல்லிப்போட்டு, ஒரு கிழமைக்குக் காணக்கூடிய காசை சின்னத் தாள் பெரிய தாள் எண்டு வீட்டில வச்சிருங்கோ எண்டும் எழுதியிருக்கு. மல்லாவி ஐயா சீலைக்குள்ள தைச்ச தாளைப் பற்றி எழுதினதை வாசிக்க எனக்கு அந்தப் புத்தகம்தான் ஞாபகம் வந்தது.

இன்னொண்டு. போன வருசம் ஊருக்கு வந்து ஏ9ஆல போகேக்க முறிகண்டியில பஸ்ஸை நிப்பாட்டினவை. எல்லாரும் இறங்கி தேங்காய் உடைச்சு உண்டியலில குத்தி போட்டு கும்பிட்டுட்டு வருகினம். என்ர பொக்கற்றில ரெண்டு காட் மட்டும். பக்கத்தில இருந்த ஒரு முகம் தெரியாத அம்மா என்ர கையைப் பாத்துட்டு பத்து ரூபா குத்தி ஒண்டைத் தந்து "போட்டுக் கும்பிடு ராசா" எண்டா. கச்சான் விக்கிற அம்மாவிட்ட ஒரு சரை வாங்கேலாமல் திரும்பி ஏறினன். அவ ஒரு நாளைக்கு எத்தினை பஸ்ஸைப் பாத்து நிக்கிறா, என்னை மாதிரி வெறுங்கையோட எத்தினை பேர் ஏறிப் போயினம் எண்டு யாழ்ப்பாணம் மட்டும் யோசிச்சுக்கொண்டு போனன். இப்ப வரமுதல் எயார்போட்டிலயே மாத்தின காசு எடுத்து வைக்கிறன்.

நெடுங்கேணிப் பேரன்

அக்கா நான்தான் எங்கட வீட்டில அம்மம்மான்ர காட் வச்சிருக்கிற ஆள். உங்கட மருமகன் மாதிரித்தான். இதை வாசிக்க நெஞ்சு அடைச்சுப்போச்சு.

களவெடுக்கோணும் எண்டு ஒரு பேரனும் காட்டை வாங்கிறேல்ல. ஏரிஎம்முக்கு பஸ்ஸில போகோணும், வெயில், அவவுக்கு முழங்கால் நோ, அதோட கள்ளர் போன் எடுத்து உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு நம்பரைச் சொல்லுங்கோ எண்டு கேக்கிற காலம். அதால நான் பாக்கிறன் அம்மம்மா நீங்கள் இருங்கோ எண்டு வாங்கினனான். மருந்து குறையாமல் வாங்கிக் குடுத்தன், எல்லாம் சரி எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன். அவ என்னட்ட "அப்பன் ஒரு இருநூறு ரூபா இருக்கோ" எண்டு கேக்கிற நேரம் எப்பவும் குரலை ஒருக்காத் தணிச்சுத்தான் கேப்பா. அது அவவின்ர காசு. எனக்கு இவ்வளவு நாளும் அது விளங்கேல்ல அக்கா.

நேற்று காசு எடுத்து, மருந்துக்கு வேண்டியதை மட்டும் வச்சுட்டு மிச்சத்தை அவவின்ர கையில குடுத்தன். எண்ணிப் பாத்தா. பிறகு அதில இருந்து நூறு ரூபாவை எடுத்து எனக்கே தந்து "பெற்றோலுக்கு வை" எண்டா.

உங்கட மருமகனோட ஒருக்கா இருந்து கதையுங்கோ, பேசாதேங்கோ. அவனுக்கும் விளங்கும்.

உடையார்கட்டு கடைக்கார அக்கா

எல்லாருக்கும் நன்றி. உடன பதில் போட ஏலேல்ல, ரெண்டு மாசம் அலைச்சல்.

நெடுங்கேணித் தம்பி எழுதினதை மருமகனுக்கு அப்பிடியே வாசிச்சுக் காட்டினன். அவன் ஒண்டும் கதைக்கேல்ல. அடுத்த சனிக்கிழமை லீவு போட்டு வந்தான். மூண்டு பேரும் பஸ் ஏறி புதுக்குடியிருப்புக்குப் போனம். மாமி பாங்குக்கு எண்டு கோயில் சீலை உடுத்திக்கொண்டு வந்தா. ஏரிஎம்மில தமிழ் வருது எண்டு அவவுக்கு அண்டைக்குத்தான் தெரியும், "உதில எங்கட எழுத்து இருக்கு" எண்டு எனக்குக் காட்டினா. அவ அஞ்சாம் வகுப்பு மட்டும் படிச்சவ, நல்லா வாசிப்பா, நாங்கள்தான் ஏலாது எண்டு முடிவெடுத்து வச்சிருந்திருக்கிறம். பின் நம்பர் மாத்தேக்க அவன் எட்டி நிண்டான். பிறகு அவ கவுண்டருக்குப் போய் கேட்டது நூறு ரூபாத் தாளாத் தாங்கோ எண்டு, ஆயிரம் வேண்டாம், பேரப்பிள்ளையளுக்குக் குடுக்கோணும் எண்டா. அந்தப் பிள்ளையும் பொறுமையா எண்ணிக் குடுத்தது.

கியூஆர் ஒட்டிட்டன் கிளிநொச்சித் தம்பி, நீங்கள் சொன்ன மூண்டையும் கேட்டுத்தான் கையெழுத்து வச்சன். முதல் கிழமையில காமன்ற் பிள்ளையள் ரெண்டு பேர் சம்பளத்தோட வந்து பழைய கொப்பிக் கணக்கை அதால கட்டினவை, அது நான் எதிர்பாக்கேல்ல. எல்லாரும் வருவினமோ எண்டு தெரியேல்ல, பாப்பம். புதுக்குடியிருப்பு அக்கா, கொப்பி மேசையிலதான் இருக்கு, புதுசா ஒரு 200 பக்கக் கொப்பியும் வாங்கி வச்சிருக்கிறன். ஐயாவுக்கும் சொல்லுறன், லாச்சிக்க கொஞ்சம் சின்னத் தாள் நெடுக வச்சிருக்கிறன், மழைக்காலம் வருது.

மாமிக்கு மாசத்துக்கு ஒருக்கா பாங்குக்குப் போறது இப்ப ஒரு அலுவலாப் போச்சு. முழங்கால் நோ எண்டு இந்த மாசம் இன்னும் சொல்லேல்ல. பின் நம்பர் என்ன எண்டு மருமகன் பகிடியாக் கேட்டுப் பாத்தவன், சொல்ல மாட்டன் எண்டுட்டா. எனக்கும் சொல்லேல்ல.